மருத்துவர் பதில்: பட்டையில் வந்த ஆறும் துணியில் பட்ட கறையும்

கேள்வி: வயது 56. மாதவிடாய் நின்று ஐந்து வருடம். சில மாதங்களாகப் பிறப்புறுப்பில் எரிவு, வறட்சி, ஒருவித வாடை. கனடாவில் இருக்கும் மகள் அனுப்பிய பரிசோதனைப் பட்டையில் பிஎச் 6 என்று வந்தது. 4.5ஐத் தாண்டினால் கிருமி என்று யூடியூபில் சொல்கிறார்கள். வினாகிரி கலந்த தண்ணீரால் உள்ளே கழுவுகிறேன். மச்சாள் தந்த களிம்பும் பூசுகிறேன். பிஎச்சைக் குறைக்க வேறு என்ன செய்யலாம்? நீரிழிவுக்குக் குளிசை எடுக்கிறேன். 45 வயதில் செய்த பாப் பரிசோதனை நல்லது என்றார்கள். போன மாதம் ஒருநாள் உள்ளாடையில் கொஞ்சம் இரத்தம் போலப் பட்டிருந்தது, பிறகு இல்லை. அக்கா கருப்பையில் நோய் வந்து இறந்தவர்.
– வாசகி, மூதூர், திருகோணமலை மாவட்டம்

பதில்: அம்மா, முதல் வரியில் எழுதியிருக்க வேண்டியதைக் கடைசிக்குத் தள்ளிவிட்டீர்கள். மாதவிடாய் நின்று ஐந்து வருடத்துக்குப் பிறகு இரத்தம் பட்டிருக்கிறது. அதற்கு அடுத்த வரியில் அக்காவின் மரணம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதும்போது உங்கள் மனதில் என்ன ஓடியது என்று எனக்குப் புரிகிறது. பிஎச் என்பது புளிப்பை அளக்கும் எண்; புளிப்புக் கூடக்கூட எண் குறையும். அதைப் பிறகு பார்ப்போம்.

கடைசி மாதவிடாய் வந்து 12 மாதம் கழிந்த பிறகு அந்த வழியாக வரும் எந்த இரத்தமும் பரிசோதிக்கப்பட வேண்டியது. ஒரு துளியாக இருந்தாலும் சரி, வெளிறிய சிவப்பாகவோ மண்ணிறமாகவோ இருந்தாலும் சரி, ஒரே நாளில் நின்றுவிட்டாலும் சரி. "பிறகு இல்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நின்றுவிட்டது என்பதால் காரணமும் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ள முடியாது.

பெரும்பாலானவர்களுக்குக் காரணம் சாதாரணமானது. மெலிந்துபோன உட்தோல் உரசிக் கசிந்திருக்கும், அல்லது கருப்பைக்குள் சின்னதாக ஒரு தசை வளர்ந்திருக்கும். ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு, அல்லது அதிலும் குறைவானவர்களுக்கு, கருப்பையின் உட்படலத்தில் புற்றுநோய் இருக்கும். நீங்கள் எந்தப் பக்கம் என்று கடிதத்தைப் படித்து என்னால் சொல்ல முடியாது. ஆனால் இதை மட்டும் மனதில் வையுங்கள்: அந்தப் புற்றுநோய் பெரும்பாலும் தொடக்கத்திலேயே இரத்தமாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தக் கட்டத்தில் வந்தவர்களில் மிகப் பெரும்பாலானோர் கருப்பையை அகற்றும் சத்திரசிகிச்சையோடு குணமடைந்துவிடுகிறார்கள்.

என் கிளினிக்கில் இந்தச் செய்தி எப்போதும் ஒரே விதமாகத்தான் வெளியே வரும். முழங்கால் வலிக்கு மருந்து எழுதி முடித்திருப்பேன். துண்டை வாங்கிப் பையில் வைத்து, எழுந்து, கதவுப் பிடியில் கை வைத்த பிறகு திரும்பி, பக்கத்தில் நிற்கும் தாதிக்குக் கேட்காத குரலில், "டொக்டர், இன்னுமொரு விஷயம்" என்பார்கள். ஒருவர் கறைபட்ட துணியைச் சின்னதாக மடித்து, பொலித்தீனில் சுற்றி, முந்தானையில் முடிந்து கொண்டுவந்திருந்தார். அந்த முடிச்சை அவிழ்க்க அவருடைய விரல்கள் வெகுநேரம் எடுத்தன. எட்டு மாதம் அலுமாரியில் வைத்திருந்தாராம், யாரிடம் காட்டுவது என்று தெரியாமல். அந்த எட்டு மாதம் உங்களுக்கு வேண்டாம்.

பாப் பரிசோதனை நல்லது என்று வந்ததை நம்பி இருந்துவிடாதீர்கள். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் பெண்கள் கிளினிக்கில் 35, 45 வயதில் எடுப்பது கருப்பைக் கழுத்தின் கலங்களை. மிக நல்ல பரிசோதனை, எல்லாப் பெண்களும் தவறாமல் செய்ய வேண்டியது. ஆனால் கருப்பையின் உள்ளே இருக்கும் படலத்துக்கு அது உத்தரவாதம் தராது. உங்களுடையது பதினொரு வருடம் பழையது வேறு.

வைத்தியசாலையில் என்ன செய்வார்கள் என்ற பயமும் இருக்கும். கருவி வைத்துக் கருப்பைக் கழுத்தை நேரில் பார்ப்பார்கள். உள்வழியாக ஸ்கான் செய்து படலத்தின் தடிப்பை அளப்பார்கள். 4 மில்லிமீற்றரோ அதற்குக் குறைவோ என்றால் பெரிய நிம்மதி. அதற்கு மேல் இருந்தால், அல்லது இரத்தம் மறுபடி வந்தால், மெல்லிய குழாயால் படலத்தில் கொஞ்சம் எடுத்து ஆய்வுக்கு அனுப்புவார்கள். சில நிமிடம் அடிவயிறு இழுத்துப் பிடிக்கும், அவ்வளவுதான். அக்காவைப் பற்றியும் கேட்பார்கள். நோய் கருப்பைக் கழுத்திலா உள்ளேயா, எத்தனை வயதில், குடும்பத்தில் யாருக்காவது பெருங்குடல் புற்றுநோய் இருந்ததா என்று விசாரித்து வையுங்கள். கழுத்தில் வருவதற்குப் பெரும்பாலும் ஒரு வைரஸ் காரணம், அது பரம்பரையாக இறங்குவதல்ல. உட்படலப் புற்றுநோயும் குடல் புற்றுநோயும் சில குடும்பங்களில் சேர்ந்தே வரும். அதனால்தான் அந்தக் கேள்வி.

இனிப் பட்டையில் வந்த ஆறு. உங்கள் வயதுக்கு அது நோய் அல்ல.

மாதவிடாய் வரும் வயதில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹோர்மோன் யோனியின் சுவரைத் தடிப்பாக வைத்து, அதில் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தைச் சேமிக்கிறது. அதிலிருந்து கிடைக்கும் சீனியை உண்டு லாக்டிக் அமிலம் சுரக்கும் பாக்டீரியாக்கள் அங்கே குடியிருக்கின்றன. 1892 இல் டெடர்லைன் என்ற ஜெர்மன் மருத்துவர் எழுதிவைத்தவை அவை. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்களுக்கு உறவுக்காரர்கள். அவற்றின் புளிப்புத்தான் 3.8 முதல் 4.5 வரையான அந்தக் கணக்கு. மாதவிடாய் நின்றதும் ஈஸ்ட்ரோஜன் வற்றுகிறது, மாச்சத்துக் குறைகிறது, பாக்டீரியாக்களும் குறைகின்றன, பிஎச் 5க்கு மேலே போகிறது. பருவமடையாத பிள்ளைகளுக்கும் அப்படித்தான். யூடியூபில் பேசியவர் முப்பது வயதுக்காரிக்கு உரிய அளவை உங்கள் கையில் தந்திருக்கிறார். போதாததற்கு, கிணற்றுத் தண்ணீர் கொஞ்சம் பட்டாலே அந்தப் பட்டை நிறம் மாறிவிடும். இரத்தம் பட்டாலும் மாறும். இப்படி ஒரு பட்டையை வீட்டில் வைத்துக்கொண்டு அரைகுறையாகப் பயப்படுவதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை.

வினாகிரியை இன்றே நிறுத்துங்கள். ஏற்கெனவே மெலிந்து வறண்ட தோலில் அமிலத்தை ஊற்றினால் எரியாமல் என்ன செய்யும்? உங்கள் எரிவில் பாதி அதனால் வந்ததாகவே இருக்கும். உள்ளே கழுவும் பழக்கம் எஞ்சியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களையும் அடித்துக்கொண்டு போய்விடும். வாசனைச் சவர்க்காரம், டெட்டோல் கலந்த தண்ணீர், வேப்பிலை அவித்த நீர், படிகாரம், "பிஎச் சமநிலை" என்று ஒட்டிய விலையுயர்ந்த திரவப் போத்தல் எதுவும் உள்ளே தேவையில்லை. வெளிப்புறத்தைச் சாதாரணத் தண்ணீரால் கழுவித் துடைத்தால் போதும். தயிரையும் பூச வேண்டாம். முட்டித் தயிரில் இருப்பவை உறவுக்காரர்கள்தானே தவிர, அங்கே குடியிருக்கும் அதே இனம் அல்ல.

மச்சாளின் களிம்புக் குழாயைத் தூக்கி எறியாமல் எடுத்து வையுங்கள், வைத்தியரிடம் காட்ட வேண்டும். பார்மசிகளில் கேட்டவுடன் எடுத்துத் தரும் இத்தகைய களிம்புகள் பலவற்றில் ஸ்டெரொய்ட் கலந்திருக்கும். நாள்கணக்கில் பூசினால் மெலிந்த தோல் இன்னும் மெலியும். ஒருவருக்கு எழுதிய மருந்தை மச்சாள், மாமி, பக்கத்து வீடு என்று கைமாற்றுவதைப் பார்த்தால் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அன்பால்தான் தருகிறார்கள், தெரியும். ஆனாலும் கூடாது.

உங்கள் வறட்சிக்கு உண்மையில் வேலை செய்யும் மருந்து உண்டு. குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் உள்ள களிம்பை உள்ளே இட்டால் சில கிழமைகளில் தோல் தேறும், பிஎச்சும் தானாக இறங்கும். ஆனால் இரத்தம் ஏன் வந்தது என்று பார்த்து முடிக்கும் வரை அதைத் தொடக்கூடாது. பார்மசியில் யாராவது எடுத்துத் தந்தாலும் வாங்காதீர்கள்.

வாடை என்பதற்காகக் கோயிலுக்குப் போகாமல் இருக்க வேண்டாம். உங்களுக்குத் தெரியும் அளவு பக்கத்தில் நிற்பவருக்குத் தெரியாது. மீன் வாடையோடு சாம்பல் நிறமாகப் படிந்தால் அது வேறு, அதற்குச் சில நாள் குளிசை உண்டு. தயிர்த் திரள் போல வெள்ளையும் கடும் அரிப்பும் என்றால் பூஞ்சணம். அதில் பிஎச் வழமைபோலத்தான் இருக்கும், பட்டை எதையும் காட்டாது. நீரிழிவு கட்டுப்படாமல் இருந்தால் பூஞ்சணம் திரும்பத் திரும்ப வரும். சிறுநீர் வழியாகச் சீனியை வெளியேற்றும் எம்பாகிளிஃப்ளோசின் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் வரும், ஆகவே உங்கள் குளிசையின் பெயரையும் சொல்லுங்கள்.

இந்தக் கிழமையே புறப்படுங்கள். படகுக்காகக் காத்து நின்ற காலம் இல்லை. கிண்ணியாப் பாலமும் வழியிலுள்ள மற்றப் பாலங்களும் வந்த பிறகு பஸ்ஸிலேயே நகருக்கு வந்துவிடலாம். உள்ளூர் வைத்தியரிடம் "மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் வந்தது" என்ற ஒரே வசனத்தை முதலில் சொல்லிப் பெண்நோயியல் கிளினிக்குக்குக் கடிதம் கேளுங்கள். எரிவு, வாடை எல்லாம் அதற்குப் பிறகு. மச்சாளையோ நெருங்கிய வேறு யாரையோ கூட்டிக்கொண்டு வாருங்கள். இரத்தம் கண்ட திகதி, குளிசை அட்டைகள், அந்தக் களிம்பு, அக்காவின் பழைய கிளினிக் கொப்பி இருந்தால் அதுவும் பையில் இருக்கட்டும். வருவதற்கு முந்திய இரண்டு நாள் உள்ளே எதையும் இட வேண்டாம். கிளினிக் நாளன்று மறுபடி இரத்தம் பட்டிருந்தால், கூச்சப்பட்டு இன்னொரு நாளுக்குத் தள்ளாமல் அப்படியே வாருங்கள்.