ரைபிள் தோட்டா போடும் பிஸ்டல்: அமெரிக்க வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: வீட்டுப் பாதுகாப்புக்கு 7.5 அங்குலக் குழல் கொண்ட, 5.56 மி.மீ. ரைபிள் தோட்டா போடும் ஏ.ஆர். பிஸ்டல் (ஏ.ஆர்.-15 ரைபிளின் குட்டை வடிவம், தோளில் வைக்கும் கட்டை இல்லாதது) பார்த்து வைத்திருக்கிறேன். குட்டையாக இருப்பதால் அறைக்குள் திரும்ப வசதி என்கிறார்கள். வாங்கலாமா?

வசதி உண்மைதான். ஆனால் 5.56 தோட்டா, எம்-16 ரைபிளின் 20 அங்குலக் குழலோடு சேர்ந்து வளர்ந்தது. அதில் 55 கிரெயின் (சுமார் மூன்றரை கிராம்) எடையுள்ள குண்டு நொடிக்கு 3,200 அடி வேகத்தில் பாயும், 7.5 அங்குலத்தில் சுமார் 2,400 அடிதான். இந்தச் சின்னக் குண்டின் வீரியமே வேகத்தில் இருக்கிறது. அது குறைந்தால் வாங்கியதன் பயனில் பாதி போயிற்று.

குழலுக்குள் எரிந்து முடியாத வெடிமருந்து குழல் முனையில் வந்து தீப்பந்தாக வெடிக்கும். இருட்டில் கண் கூசி அடுத்த சில நொடி எதுவும் தெரியாது. சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140 டெசிபலிலேயே காது கெடும். நாலு சுவருக்குள், காதுக் கவசம் இல்லாமல், பக்கத்து அறையில் குழந்தை தூங்கும்போது இதைச் சுடுவது எப்படியிருக்கும் என்று யோசியுங்கள். 5.56தான் வேண்டுமென்றால் 10.5 அங்குலத்துக்குக் கீழே போகாதீர்கள். இது உங்கள் முதல் துப்பாக்கி என்றால், ஏ.ஆர். பிஸ்டலே வேண்டாம், 16 அங்குல ரைபிளைத் தோளில் அணைத்துச் சுடப் பழகுவது எவ்வளவோ சுலபம்.

கேள்வி: அப்படியானால் .300 பிளாக்அவுட் என்ற தோட்டா போடும் பிஸ்டல்?

குட்டைக் குழலுக்கு இதுதான் பொருத்தம். 9 அங்குலத்திலேயே மருந்து பெரும்பாலும் எரிந்துவிடும். தோட்டா விலை கூடுதல்.

ஒரு பெரிய ஆபத்து உண்டு. இரண்டு தோட்டாவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்: அடிப்பாகம் ஒரே அளவு, தோட்டாக்களை அடுக்கும் மேகசினும் ஒன்றே. .300 தோட்டா தவறிப்போய் 5.56 துப்பாக்கிக்குள் ஏறிவிட்டால், சுடும்போது துப்பாக்கி கையிலேயே வெடித்துச் சிதறலாம். வீட்டில் இரண்டும் இருந்தால் மேகசின்களுக்கு வேறு வேறு நிற டேப் ஒட்டுங்கள். ஒரே நாளில் இரண்டையும் சுடும் பயிற்சி ரேஞ்சுக்கு எடுத்துப் போகாதீர்கள்.

கேள்வி: ஏ.ஆர். பிஸ்டலின் பின்பக்கத்தை முன்கையோடு பிடித்துக்கொள்ள உதவும் பிரேஸ் மாட்டுவது குற்றமா?

துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசு அமைப்பான ஏ.டி.எஃப்., பிரேஸ் மாட்டிய பிஸ்டல்களில் பெரும்பாலானவற்றைக் குட்டைக் குழல் ரைபிளாகக் கருதி 2023 ஜனவரியில் கொண்டுவந்த விதியை, 2024 ஜூனில் டெக்சாஸில் உள்ள ஃபெடரல் நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. ஆனால் பிரேஸுக்குப் பதில் தோளில் வைக்கும் ஸ்டாக் மாட்டினால், 1934-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குட்டைக் குழல் ரைபிள். முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கடுங்குற்றம். 26 அங்குலத்துக்குக் குறைவான பிஸ்டலின் முன்பக்கம் செங்குத்துப் பிடி மாட்டினாலும் பதிவுச் சிக்கல்தான்.

அந்தப் பதிவுக்கான 200 டாலர் வரி 2026 ஜனவரி முதல் பூஜ்யம். கைரேகையும் ஒப்புதலும் இன்னும் தேவை. வரியை மிச்சம் பிடிக்கத்தான் பலர் பிஸ்டலை வாங்கினார்கள். அந்தக் காரணம் இப்போது இல்லை. பதிவு செய்த குட்டை ரைபிளை வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோக முன்அனுமதி வேண்டும், பிஸ்டலுக்கு வேண்டாம் என்பது மிஞ்சிய லாபம். அதுவும் கலிஃபோர்னியா, நியூயார்க் போன்ற மாநிலங்களில் செல்லாது; அங்கே பெரும்பாலான ஏ.ஆர். பிஸ்டல்களுக்கே தடை.

கேள்வி: மான் வேட்டைக்கு?

ஒரு முறைக்கு ஒரு தோட்டா மட்டும் போடும் கன்டென்டர் என்ற பிஸ்டல் 1967 முதல் இருக்கிறது. ரைபிள் தோட்டா போட்டு வேட்டையாடுவோர் அதைத்தான் விரும்புவார்கள். 5.56 வேண்டாம், சில மாநிலங்களில் மானுக்கு அந்த அளவுக் குண்டையே அனுமதிப்பதில்லை.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்க முடியுமா?

பொதுவாக முடியாது. தற்காலிக விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கி வைத்திருக்க ஃபெடரல் சட்டம் தடை விதிக்கிறது. செல்லுபடியாகும் மாநில வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் அவற்றை நம்பி இறங்காதீர்கள். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. கிரீன் கார்டு நண்பர் பெயரில் வாங்கி உங்களிடம் வைத்துக்கொள்வது இருவருக்குமே குற்றம். உங்கள் விசாவும் போய்விடும்.