தொட்டி மண்ணில் ஊசி நத்தை: உள்ளூரா, வந்தேறியா?

அன்புள்ள ஐயா,

எங்கள் நாற்றுப் பண்ணையில் தொட்டி மண்ணைக் கிளறினால் ஒரு சென்டிமீட்டர் நீளத்தில், ஊசிபோல, மங்கிய மஞ்சள் ஓட்டோடு நத்தைகள் வருகின்றன. அமெரிக்காவிலிருந்து வந்தது என்கிறார் ஒருவர், நம்மூர்தான் என்கிறார் இன்னொருவர். ஒன்றைப் பிடித்து மரபணுச் சோதனைக்கு அனுப்பினால் தெரிந்துவிடாதா?

கோமதி

அன்புள்ள கோமதி,

ஒன்றை அனுப்பினால் தெரியாது. டிஎன்ஏ வரிசை யாருக்கு யார் சொந்தம் என்று சொல்லும். பூர்வீகம் எது என்று சொல்ல, மற்ற ஊர்களில் இருக்கும் சொந்தங்களின் வரிசையும் கையில் இருக்க வேண்டும்.

நீங்கள் சொல்வது ஆலோபியாஸ் கிராசிலே போலிருக்கிறது. 1834இல் ஹட்டன் என்ற ஆய்வாளர் இதை முதலில் விவரித்ததே இந்தியாவிலிருந்துதான். பிறகு பல நூல்கள் வெப்பமண்டல அமெரிக்காவைத் தாயகமாக எழுதின. ஆனால் பசிபிக் தீவுகளின் அகழாய்வுகளில், ஐரோப்பியர் வருவதற்கு முந்தைய அடுக்குகளிலேயே இதன் ஓடு கிடைக்கிறது. அமெரிக்கக் கதை அங்கே இடிக்கிறது. ஓட்டு வாயின் உள்பக்கத் தூண் அடியில் வெட்டியதுபோல் முடிந்தால், அது சுபுலினா ஆக்டோனா. லென்ஸ் வைத்து இதை முதலில் பாருங்கள்.

சோதனைக்கு எடுப்பதென்றால், குப்பியில் கொதித்து ஆறிய நீரை மூடி வரை நிரப்பி, நத்தையை ஓரிரவு மூழ்கவிடுங்கள். உடல் வெளியே நீண்டு வரும். பிறகு 95 சதவீத எத்தனால், தசையைப்போல் பத்து மடங்கு. ஓட்டில் சிறு விரிசல் போடாவிட்டால் எத்தனால் உள்ளே போகாது, குடல் அழுகிவிடும். மறுநாள் எத்தனாலை மாற்ற வேண்டும். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், டிஎன்ஏ துண்டு துண்டாகிவிடும்.

ஆய்வகத்தில் கால் தசையை மட்டும் எடுப்பார்கள். குடலோடு எடுத்தால் தின்ற இலையும் உள்ளிருக்கும் புழுவும் கூடவே வரும். பெரிய தொல்லை கோழை. அதிலுள்ள சர்க்கரைப் பொருள்கள் டிஎன்ஏயோடு ஒட்டிக்கொண்டு டிஎன்ஏயைப் பல மடங்கு நகலெடுக்கும் பிசிஆர் வினையைத் தடுத்துவிடும். நகல் கிடைத்ததைக் காட்டும் பட்டை ஜெல்லில் வரவில்லை என்றால் டிஎன்ஏயை இன்னும் சேர்ப்பது பழக்கதோஷம். பத்தில் ஒன்றாக நீர்த்துப் போட்டால்தான் பெரும்பாலும் வேலை செய்யும். இனத்தை அடையாளம் காணப் பயன்படும் சிஓஐ என்ற மைட்டோகாண்ட்ரிய மரபணுவில் 658 எழுத்துகள் வரை கிடைக்கும். அதை முதுகெலும்பிலிகளின் மைட்டோகாண்ட்ரியக் குறியீட்டில் புரதமாக மாற்றிப் பார்க்க வேண்டும். நடுவில், புரதத்தை அங்கேயே முடித்துவிடும் நிறுத்தக் குறி வந்தால் அந்த வரிசையைத் தூக்கிப் போடுங்கள்.

அடுத்த பள்ளம் ‘சிஓஐ வரிசை 3 சதவீதம் வேறுபட்டால் புது இனம்’ என்ற விதி. நில நத்தைகளில் ஒரே இனத்துக்குள் 10 சதவீதத்துக்கு மேலும் வேறுபாடு வருவதுண்டு. அதனால் செல்லின் உட்கருவிலுள்ள மரபணு ஒன்றும், இனப்பெருக்க உறுப்பின் அமைப்பும் ஒத்துப்போன பிறகே பெயரை மாற்றலாம்.

வந்தேறிக் கூட்டத்துக்குள் மரபணு வேறுபாடு குறைவு, பூர்வீகத்தில் அதிகம் என்பது பொதுவான கணக்கு. ஆனால் இந்த நத்தைக் கூட்டத்தில் தன்கருவுறுதல் உண்டு. ஒரு நத்தையே தோட்டம் முழுக்கப் பெருகிவிடும். எனவே உங்கள் பண்ணையில் எடுத்த இருபது நத்தைகளும் ஒரே வரிசையாக இருந்தால் அது எதையும் நிரூபிக்காது.

ஹவாயில் நடந்ததைப் பாருங்கள். ஆப்பிரிக்கப் பெரு நத்தையை ஒழிக்க 1955இல் யூக்லாண்டினா ரோசியா என்ற கொன்றுண்ணி நத்தையை இறக்கினார்கள். அது உள்ளூர் மர நத்தைகளைத் தின்று தீர்த்தது. 2017இல் மரபணு பார்த்தபோதுதான், ஒரே பெயரில் இரண்டு இனங்கள் அங்கே உலவுவது தெரிந்தது. அறுபது ஆண்டுகளாக ஓட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருந்ததன் பலன்.

ஆகவே, நாலைந்து பண்ணைகளிலிருந்து ஐந்தைந்து எடுங்கள். தொட்டிச் செடி ஒருபோதும் போகாத புதர்க்காட்டிலிருந்தும் அதே அளவு எடுங்கள். ஒவ்வொரு ஓட்டையும் அதன் தசை எண்ணோடு சேர்த்து வையுங்கள். சீட்டைப் பென்சிலில் எழுதிக் குப்பிக்குள்ளேயே போடுங்கள். பேனா மை எத்தனாலில் கரைந்து, எந்தக் குப்பி எந்த ஊர் என்றே தெரியாமல் போய்விடும்.