வீடியோ கேம் பிறந்தநாள்: அட்டை, பசை, கத்தரிக்கோல்

விடுமுறை வருகிறது, கூடவே இந்தக் கைவேலைப் பகுதிக்கு மொரீஷியஸ் வாசகர்களின் பிறந்தநாள் கடிதங்களும். இந்த முறை பாதிக்கு மேல் வீடியோ கேம் விருந்து பற்றியவை. எனக்கு மகிழ்ச்சிதான். பழைய விளையாட்டுகளில் பல, சின்னச் சின்னச் சதுரங்களால் வரையப்பட்டவை. கட்டம் போட்ட நோட்டும் காலி அட்டைப் பெட்டியும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஆனால் எழுதும்போது பிள்ளையின் வயதையும் எத்தனை பேர் வருகிறார்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். எத்தனை தடவைதான் சொல்வது? 4 வயதுக்கு ஏற்ற வேலை வேறு, 10 வயதுக்கு வேறு.

மகனுக்கு 8 வயது. மைன்கிராஃப்ட் என்றால் உயிர். 10 பிள்ளைகள் வருகிறார்கள். அந்த விளையாட்டில் வரும் பச்சை அரக்கன் கிரீப்பரின் முகத்தைத் தலையில் மாட்டும்படி 500 ரூபாய்க்குள் செய்ய முடியுமா டீச்சர்? (ரோஸ் ஹில்)

முடியும். கேட்க வேண்டியதை எல்லாம் ஒரே கடிதத்தில் எழுதியதற்கு நன்றி. பெட்டிக்குச் செலவே இல்லை. பக்கத்து லபுட்டிக் கடையில் ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்தால் பிஸ்கட், எண்ணெய் வந்த பெட்டிகளை எடுத்துவைப்பார்கள். கலர் பேப்பருக்கும் பசைக்கும்தான் பணம்.

மைன்கிராஃப்ட் முகம் 8க்கு 8 கட்டம். பெட்டியின் முகப்பக்கம் 24 செ.மீ. சதுரமாக இருந்தால் ஒரு கட்டம் 3 செ.மீ. மொத்தம் 64 கட்டத்தில் 20 கறுப்பு, 44 பச்சை. மேல் 2 வரிசை முழுப் பச்சை. 3, 4ஆம் வரிசைகளில் இரண்டு ஓரத்திலும் ஒரு கட்டம் விட்டு, இரண்டுக்கு இரண்டாகக் கண்கள். 5ஆம் வரிசையில் நடு 2 கறுப்பு, 6, 7இல் நடு 4, கடைசி வரிசையில் அந்த நான்கின் இரு ஓரங்கள் மட்டும். பச்சையை மூன்று நான்கு விதமாக வாங்கிக் கலந்து ஒட்டச் சொல்லுங்கள், அப்போதுதான் அசல் மாதிரி இருக்கும்.

பலரும் தவறுவது ஓட்டையில். கிரீப்பரின் கண்ணில் ஓட்டை போட்டால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது, அந்தக் கண்கள் அவ்வளவு தள்ளி இருக்கின்றன. 5ஆம் வரிசையின் 2 கறுப்பையும் அதற்குக் கீழே இருக்கும் நான்கையும் வெட்டி எடுங்கள். பெட்டியின் உள்ளே மேல்பக்கம் செய்தித்தாளைக் கசக்கி 3 செ.மீ. திண்டாக ஒட்டினால் பிள்ளையின் கண் சரியாக அந்த உயரத்துக்கு வரும். இந்த வெட்டும் வேலையை முந்தின இரவே பெரியவர்கள் முடித்துவிட வேண்டும். கட்டர் பிள்ளைகளின் மேசைக்கு வரவே கூடாது.

பேக்மேன் விருந்துக்கு எளிதாக ஒன்று சொல்லுங்கள். (கத்ர் போர்ன்)

வயது? தலைக்கணக்கு? சரி, பொதுவாகச் சொல்கிறேன். டாய்லெட் பேப்பர் தீர்ந்த குழல்களில் பேக்மேனைத் துரத்தும் 4 பேய்கள்: சிவப்பு, ரோஸ், இளநீலம், ஆரஞ்சு. அடிப்பக்கத்தை அலை அலையாக வெட்டி, வெள்ளைக் காகிதத்தில் கண் ஒட்டினால் முடிந்தது. காகிதத் தட்டில் மஞ்சள் பூசி ஒரு துண்டு வெட்டி எடுத்தால் பேக்மேன். 5 வயதுப் பிள்ளைகூடச் செய்யும்.

அட்டையில் டெட்ரிஸ் துண்டுகள் 7 வெட்டினோம். ஒவ்வொன்றும் 4 கட்டம், மொத்தம் 28 என்பதால் 4க்கு 7 சட்டம் செய்தேன். பிள்ளைகள் ஒரு மணி நேரம் முயன்றும் அடையவில்லை. எங்கே பிழை?

வெட்டியதில் பிழையில்லை. யார் முயன்றாலும் அடையாது. சட்டத்தைச் சதுரங்கப் பலகைபோல் கறுப்பு வெள்ளையாக நினைத்துப் பாருங்கள்: 14 கறுப்பு, 14 வெள்ளை. ஆறு துண்டுகள் இரண்டு கறுப்பையும் இரண்டு வெள்ளையையும் மூடும். T வடிவத் துண்டு மட்டும் ஒரு நிறத்தில் மூன்றும் மற்றதில் ஒன்றுமாக மூடும். கணக்கு எப்படியும் இடிக்கும். ஒவ்வொரு வடிவத்திலும் இரண்டு துண்டு வெட்டி 56 கட்டத்துக்குச் சட்டம் செய்யுங்கள், அடுக்கலாம். கஷ்டமாகத்தான் இருக்கும், 9, 10 வயதுக்காரர்களுக்கு அது பிடிக்கும். துண்டுகளை முந்தின நாளே வெட்டிவையுங்கள். கட்டர் மேசைக்கு வரக்கூடாது.

தெர்மாகோல் கட்டைகளுக்குத் தங்க நிற ஸ்ப்ரே அடித்தேன். குழி குழியாகக் கரைந்துபோய்விட்டது.

கரையத்தான் செய்யும். ஸ்ப்ரேயில் இருக்கும் கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். தண்ணீரில் கரையும் அக்ரிலிக் அல்லது போஸ்டர் கலரைத் தூரிகையால் பூசுங்கள். அட்டைப் பெட்டி இலவசமாகக் கிடைக்கும்போது தெர்மாகோலை எதற்குக் காசு கொடுத்து வாங்கினீர்கள்?

15 பிள்ளைகளுக்கும் மரியோ தொப்பி, மீசை, கேள்விக்குறிப் பெட்டி எல்லாம் இரவெல்லாம் விழித்து நானே செய்து முடித்தேன். போட்டோ அழகாக வந்தது. ஆனால் பிள்ளைகள் பத்து நிமிடத்தில் தூக்கிப் போட்டுவிட்டு ஃபோனோடு உட்கார்ந்துவிட்டார்கள். வேறு என்ன செய்திருக்கலாம் அக்கா? (வாக்குவா)

தங்கச்சி, நீங்கள் செய்தது அலங்காரம். பிள்ளைகள் கைவேலை செய்யவே இல்லையே. அவர்களுக்கு அங்கே என்ன வேலை இருந்தது? தொப்பி மாட்டி நிற்பதைத் தவிர?

இதைப் பற்றி எழுதாத மாதமே எனக்கு இல்லை. போட்டோவில் கோணலாகத் தெரியக்கூடாது என்பதற்காகப் பிள்ளையின் கையிலிருந்து பசையைப் பிடுங்குகிறோம். ஒரு பையன் மீசையைத் தலைகீழாக ஒட்டினால் உடனே பிய்த்து நேராக்குகிறோம். அந்த நொடியிலேயே அவனுக்கு அதன்மேல் இருந்த ஆசை போய்விடுகிறது. அதற்குப் பிறகு அது அம்மாவின் தொப்பி.

இந்த விளையாட்டுகள் பிறந்த கதையைப் பாருங்கள். மரியோ முதலில் வந்தது 1981இல், டாங்கி காங் விளையாட்டில். அவனை வரையக் கிடைத்த புள்ளிகள் மிகச் சில. வாய் வரைய இடமில்லாததால் மீசை வைத்தார்கள், தலைமுடி வரைவது சிரமமாக இருந்ததால் தொப்பி போட்டார்கள். கிரீப்பர் வந்ததே ஒரு தவறால்: பன்றி ஒன்றைச் செய்யும்போது நீளத்துக்கும் உயரத்துக்குமான எண்கள் இடம் மாறி, நெட்டையாக நின்றது. அதைத் தூக்கிப் போடாமல் வைத்துக்கொண்டார்கள். இன்று உலகத்துப் பிள்ளைகள் எல்லாம் அந்த முகத்தை வரைகிறார்கள். கோணலுக்கு இவற்றைச் செய்தவர்களே பயப்படவில்லை, நாம் எதற்குப் பயப்பட வேண்டும்?

அடுத்த ஆண்டு இப்படிச் செய்யுங்கள். நீங்கள் வெட்டும் வேலையை மட்டும் செய்யுங்கள். தொப்பிக்குச் சிவப்புப் பட்டை, வெள்ளை வட்டம், மீசைக்குக் கறுப்புக் காகிதம், ஒரு பிள்ளைக்கு ஒரு உறை. வந்தவுடனே கேக்குக்கு முன்பாக மேசையில் உட்கார வையுங்கள். 20 நிமிடம், அதிகம் போனால் 30. யாருடையதையும் திருத்தாதீர்கள். யாராவது மரியோவுக்குப் பச்சைத் தொப்பி கேட்டால் கொடுங்கள், அது அவன் தம்பி லூயிஜி. போட்டோவை அதற்குப் பிறகு எடுங்கள். ஃபோனைக் கேட்கிற பிள்ளை இருக்கலாம். கை நிறையப் பசை இருக்கும்போது அவ்வளவாகக் கேட்காது.

கடைப் பசை விலை அதிகம். மைதாப் பசையில் துத்தம் போடச் சொல்கிறார் என் மாமியார், பூச்சி வராதாம்.

வேண்டவே வேண்டாம். மயில்துத்தம் விஷம். சுவரொட்டிக்குப் போடலாம், பிள்ளை விரலை வாயில் வைக்கும் பசைக்கு ஆகாது. ஒரு பங்கு மைதா, நான்கைந்து பங்கு தண்ணீர், கட்டியில்லாமல் கரைத்துச் சிறு தீயில் கிளறி, கண்ணாடி மாதிரி மினுங்கும்போது இறக்கி ஆறவிடுங்கள். ஃபிரிட்ஜில் வைத்து இரண்டு மூன்று நாளில் தீர்த்துவிடுங்கள். குளூ கன் வைத்திருந்தால் பெரியவர் கையில் மட்டும். உருகிய பசை 100 டிகிரிக்கு மேல் சுடும்.

மரியோ விளையாட்டில் வருகிற மாதிரி காகிதக்கூழில் பெரிய காளான் செய்தோம். நான்கு நாளாகியும் உள்ளே ஈரம், வாடை வேறு. (க்யூர்பிப்)

க்யூர்பிப் மழையில் காகிதக்கூழா? போர்ட் லூயிஸ் வெயிலில் காய்வது அங்கே காய அதிக நாள் எடுக்கும். ஒரு தடவைக்கு இரண்டு அடுக்குக்கு மேல் ஒட்டாதீர்கள், ஒவ்வொன்றும் காய்ந்த பிறகே அடுத்தது. வாடை வந்துவிட்டதால் இதைத் தூக்கிப் போடுங்கள், பூஞ்சை பிடித்திருக்கும். இரண்டு தட்டை அட்டைகளைக் குறுக்கே கோத்து நிறுத்துங்கள், அரை மணியில் காளான் ரெடி.

கேள்விக்குறிப் பெட்டிக்குள் பட்டன் பேட்டரி விளக்கு வைக்கலாமா? என் சின்னவளுக்கு 2 வயது.

வைக்காதீர்கள். பட்டன் பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் வெந்துவிடலாம். மஞ்சள் காகிதம் போதும், விளக்கு தேவையில்லை. ஊதாத பலூனும் வெடித்த பலூன் துண்டும் அவள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். 8 வயதுவரை அது தொண்டையை அடைக்கும் ஆபத்து.

ஜாய்ஸ்டிக் செய்யப் பிளாஸ்டிக் ஸ்ட்ரா எங்கே கிடைக்கும்?

2021 ஜனவரியிலிருந்து ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் ஸ்ட்ரா, தட்டு, கப் எல்லாம் இங்கே தடை, தெரியாதா? காகிதத்தைப் பென்சிலில் இறுக்கிச் சுற்றி ஒட்டினால் ஸ்ட்ராவைவிட உறுதியான தண்டு கிடைக்கும். உச்சியில் ஒரு பெரிய பாசிமணி.

பெண் பிள்ளைகளுக்கு வீடியோ கேம் விருந்து பிடிக்குமா?

பிடிக்கும்.

பிப்ரவரியில் விருந்து. முற்றத்தில் அட்டைக் கோட்டை கட்டலாமா?

புயல் மாதம். கட்டுங்கள், ஆனால் மடித்து உள்ளே கொண்டுவரும்படி துண்டு துண்டாகச் செய்யுங்கள். கிளாஸ் 1 புயல் எச்சரிக்கை அறிவித்ததுமே உள்ளே எடுத்துவிடுங்கள், 3 வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

பரிசுப் பையில் என்ன போடுவது?

அவர்கள் செய்ததையே கொண்டுபோகட்டும். உட்பக்கம் பென்சிலால் பெயர் எழுதிவையுங்கள். பசை ஈரமாக இருந்தால் பழைய செய்தித்தாளில் தளர்வாகச் சுற்றிக் கொடுங்கள்.