மன்னிக்க முடியாதது விசுவாசக் குறைவா?

கேள்வி: 1990 இல் எங்கள் ஊரில் நடந்த சுற்றிவளைப்பில், முகமூடி போட்ட தலையாட்டி ஒருவர் தலையசைத்துக் காட்டிக்கொடுத்ததால் என் தந்தையைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவேயில்லை. அப்போது எனக்கு 13 வயது. தலையாட்டியாக வந்தவர் எங்கள் அயலவர் என்பது ஊரறிந்த கதை. இப்போது படுத்த படுக்கையாகிவிட்ட அவர், என்னைப் பார்க்க வேண்டுமென்று ஆளனுப்பியிருக்கிறார். மன்னித்தால்தான் எனக்குச் சுகம் கிடைக்கும் என்கிறார் எங்கள் போதகர். என்னால் முடியவில்லை. இரவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே இன்றும் திடுக்கிட்டு எழுந்துவிடுகிறேன். என் விசுவாசம் குறைவானதா?
- வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: அன்புச் சகோதரிக்கு,

இல்லை. போதகர் உங்கள் நன்மையை எண்ணித்தான் சொல்லியிருப்பார். ஆயினும், மன்னிப்பைச் சுகத்திற்கான நிபந்தனையாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. 13 வயதில் பழகிய எச்சரிக்கையை உங்கள் உடல் இன்னும் கைவிடவில்லை என்பதையே அந்தத் திடுக்கிடல் காட்டுகிறது. அது சிகிச்சையுள்ள துன்பம், ஜெபத்தோடு சேர்த்தே அதற்கு மருத்துவமும் பார்க்கலாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள். தயக்கமாக இருந்தால், முதலில் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைத்துப் பேசுங்கள்.

நீங்கள் வாசிக்கும் வேதத்திலேயே, கர்த்தர் இன்னும் எவ்வளவு காலம் தன்னை மறந்திருப்பார் என்று முறையிடும் 13ஆம் சங்கீதம் இருக்கிறது; அப்படி முறையிட்டவரை விசுவாசமற்றவர் என்று எவரும் சொல்வதில்லை. நம் மட்டக்களப்பு மண்ணின் வழிபாடும் இதற்கு அயலானதல்ல. கண்ணகி அம்மனுக்கு எடுக்கும் வைகாசிச் சடங்கில் அவளுடைய கோபத்தைக் கண்டித்து அடக்குவதில்லை. அதைப் பாடி, அதற்குரிய நாட்களைக் கொடுத்த பின்னரே, அவளைக் குளிரவைக்கும் குளிர்த்திப் பாடலைப் பாடுகிறார்கள். உங்கள் கோபத்திற்கு அப்படி ஒரு நாள்கூட எவரும் கொடுக்கவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து எனக்குத் தோன்றுகிறது.

மன்னிப்பு என்றாவது வந்தாலும், தந்தைக்கு என்ன நடந்தது என்று கேட்கும் உரிமையை அதற்காக நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்தில் இதுவரை பதியவில்லையென்றால் பதிந்துகொள்ளுங்கள்; மட்டக்களப்பிலேயே அதன் பிராந்திய அலுவலகம் இயங்குகிறது.

அயலவரைப் பற்றி ஒன்று கேட்கிறேன். முகமூடிக்குள் இருந்தது அவர்தான் என்பதை அவரே ஒப்புக்கொண்டாரா, அல்லது இத்தனை ஆண்டுகளாக ஊர் பேசியதா? அக்காலத்துத் தலையாட்டிகளில் பலர் தாங்களே பிடிபட்டு, அடிபட்டு, உயிருக்கு அஞ்சித் தலையசைத்தவர்கள். இதைச் சொல்வது உங்களை அவசரப்படுத்துவதற்காக அன்று. அவரிடம் என்ன கேட்பது என்பதை நீங்கள் முன்கூட்டியே தீர்மானிக்க இது உதவலாம் என்பதற்காகவே. அவருடைய மனஆறுதலுக்கு நீங்கள் பொறுப்பாளி அல்லர்; ஆகவே போகாமலிருந்தாலும் தவறில்லை. போவதென்று முடிவெடுத்தால், நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிக்கொண்டு பகலில் போங்கள். தந்தையை எங்கே கொண்டுபோனார்கள் என்பதை முதலில் கேளுங்கள். அவர் மன்னிப்புக் கேட்டாலும், அன்றே பதில் சொல்லியாக வேண்டுமென்பதில்லை.