கேஸ் டெஸ்ட் பாக்காமலே பெர்மிட்ல கையெழுத்து போடச் சொல்றாங்க, நான் என்ன பண்ணட்டும்?

கேள்வி: கெமிக்கல் இன்ஜினியரிங் முடிச்சுட்டு கடலூர் சிப்காட்ல ஒரு கம்பெனில 14 மாசமா ட்ரெய்னியா இருக்கேன். நைட் ஷிப்ட்ல ரியாக்டருக்குள்ள (கெமிக்கல் ரியாக்ஷன் நடக்கற பெரிய டேங்க்) கிளீனிங்குக்கு ஆள் இறங்கணும்னா, இறங்க அனுமதி குடுக்கற பெர்மிட்ல கேஸ் டெஸ்ட் கட்டம் ஏற்கனவே நிரப்பி வந்துடுது, "போடு தம்பி, நேரமாவுது"ன்னு சீனியர் சொல்றார். மறுத்தா கன்பர்மேஷன் போயிடுமோன்னு பயம். வேலைய விட்டுட்டு சென்னைல ஐடி கோர்ஸ் சேந்துடலாமா? - ஒரு வாசகர், ரெட்டிச்சாவடி

பதில்: தம்பி, ரெண்டு கேள்வி கேட்டிருக்கீங்க, முதல்ல கையெழுத்த பேசிடுவோம், ஏன்னா அது இன்னிக்கு நைட்டே வரும்.

நானும் ட்ரெய்னியா இருந்தவன்தான். டேங்க்கோட மேன்ஹோல் கிட்ட மூக்கு வச்சு பாத்துட்டு "ஒரு வாடையும் இல்ல, இறங்கு"ன்னு ஒரு சூப்பர்வைசர் சொன்னார், நானும் பக்கத்துல பேசாம நின்னேன். உள்ள நைட்ரஜன் பர்ஜ் பண்ணியிருந்தது, அதாவது நைட்ரஜன அடிச்சு காத்த வெளிய தள்ளியிருந்தாங்க. நைட்ரஜனுக்கு ஏது வாடை? இறங்கினவரு ஏணில பாதிலயே தொவண்டு போனாரு, பெல்ட் கட்டியிருந்ததால இழுத்துட்டோம், பொழச்சாரு. அவரோட செருப்பு ஒண்ணு உள்ள கிடந்தது, அது இன்னும் கண்ணுலயே நிக்குது.

நாம சுவாசிக்கிற காத்துல ஆக்சிஜன் கிட்டத்தட்ட 20.9 சதவீதம், 19.5க்கு கீழ போனா ஆள இறக்கவே கூடாது. கேஸ் மீட்டர்ல முதல்ல ஆக்சிஜன், அப்புறம் எல்இஎல் (தீப்பிடிக்கிற வாயு எவ்வளவு இருக்குன்னு காட்டற அளவு), அப்புறம் விஷ வாயு. ஆக்சிஜன் குறைஞ்சா பல மீட்டர்ல எல்இஎல் சென்சாரே சரியா காட்டாது, அதான் அந்த வரிசை. மேல மட்டும் வச்சு பாத்தா பத்தாது, நடுவுலயும் அடியிலயும் டியூப் விட்டு பாக்கணும், கனமான வாயு அடியில தங்கிடும். இதெல்லாம் யாரோ புதுசா கண்டுபிடிச்ச ரூல் இல்ல, டெஸ்ட் பண்ணவரே எழுத்துல சர்டிபிகேட் குடுக்கணும்னு 1948 தொழிற்சாலைகள் சட்டம் 36வது பிரிவுலயே இருந்தது.

அதனால சண்டை போடாம, "சார், மீட்டர எடுத்துட்டு வரேன், நீங்களும் கூட நில்லுங்க, அஞ்சு நிமிஷம்"ன்னு சொல்லுங்க. ரீடிங்க நேரத்தோட லாக்புக்ல உங்க கையால எழுதுங்க. அப்பவும் வேணாம்னா, நான் டெஸ்ட் பாக்கலன்னு எழுதிட்டு ஷிப்ட் இன்சார்ஜுக்கும் சேப்டிக்கும் மெயில் போடுங்க. கன்பர்மேஷன் போகலாம்னு பயம் வரும், நியாயம்தான், ஆனா உள்ள போறவரு பெரும்பாலும் கான்ட்ராக்ட் ஆளு, அந்த பேப்பர்ல அவருக்காக நிக்கிற ஒரே பேரு உங்களுது.

ஐடி கோர்ஸ் விஷயம். அந்த வேலை பிடிச்சு போறீங்கன்னா தாராளமா போங்க, இந்த பயத்துல ஓடறதுக்காக கடன் வாங்கி பீஸ் கட்டாதீங்க. பிளான்ட்ல இருந்த 14 மாசத்துக்கு மதிப்பு இருக்கு. சேப்டி பக்கம் ஆசை இருந்தா சென்னை தரமணில ரீஜனல் லேபர் இன்ஸ்டிட்யூட்ல இண்டஸ்ட்ரியல் சேப்டி டிப்ளமோ இருக்கு, அதுக்கு பேக்டரி அனுபவம் கேப்பாங்க. சேதராப்பட்டு பக்கமும் கம்பெனிங்க இருக்கு, நெய்வேலில கிராஜுவேட் எக்ஸிக்யூடிவ் ட்ரெய்னிக்கு கேட் ஸ்கோர் பாத்து எடுத்திருக்காங்க, அறிவிப்ப பாத்துக்கிட்டே இருங்க. வேற இடம் கைக்கு வந்தப்புறம் பேப்பர் போடுங்க. ஒரிஜினல் சர்டிபிகேட் கம்பெனிகிட்ட குடுத்து வச்சிருந்தா இப்பவே கேட்டு எழுத்துல அக்னாலெட்ஜ்மென்ட் வாங்குங்க.

இன்னிக்கு ஷிப்ட் போனதும் அந்த மீட்டரோட கேலிப்ரேஷன் (சரியா காட்டுதான்னு சோதிச்ச) ஸ்டிக்கர்ல என்ன தேதி போட்டிருக்குன்னு பாருங்க. பாத்துட்டு எனக்கு எழுதுங்க.