1958-இல் வந்த பிரிட்டிஷ் ‘டிராகுலா’ இன்றைக்கும் பயமுறுத்துமா?

ரத்தம் குடிக்கும் டிராகுலா பிரபுவாகக் கிறிஸ்டோபர் லீ நடித்த பழைய ‘டிராகுலா’வை இப்போது பார்த்தால் பயம் வருமா, சிரிப்பு வருமா என்று கேட்டிருக்கிறீர்கள். பயம் வராது. அந்த ரத்தம் இன்றைய கண்ணுக்கு அப்பட்டமான பெயின்ட். ஆனாலும் லீ வரும் முதல் சில நிமிடங்களுக்காகவே நான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கும் படம் இது.

மாடிப்படி உச்சியில் கறுப்பாக ஓர் உருவம். இதோ ஆரம்பித்துவிட்டது என்று நாம் நிமிர்ந்து உட்கார்ந்தால், மனுஷன் விறுவிறுவென்று இறங்கி வந்து, நூலக வேலைக்கு வந்திருக்கும் ஹார்க்கரை மரியாதையாக வரவேற்கிறார். 1931 ஹாலிவுட் படத்தில் டிராகுலாவாக வந்த பெலா லுகோசி வார்த்தையை இழுத்து இழுத்துப் பேசுவாரே, அந்தச் சாயலே இல்லை. நன்றாக வளர்ந்த, கொஞ்சம் அவசரக்காரரான கனவான், அவ்வளவுதான். அப்புறம் நூலக அறைக் கதவு படாரென்று திறக்கும். சிவந்த கண்கள், வாயெல்லாம் ரத்தம், ஒரே பாய்ச்சல். அதே ஆள்தானா என்று இருக்கும். ஹார்க்கரோடு பேசுகிற அந்த ஆரம்பக் காட்சிகளுக்குப் பிறகு படம் முடியும்வரை லீக்கு வசனமே கிடையாது.

ஹாமர் என்ற பிரிட்டிஷ் பட நிறுவனம் இதைத் தேம்ஸ் நதிக்கரையில் இருந்த சின்ன பிரே ஸ்டூடியோவில் எடுத்தது. செலவு சுமார் 81,000 பவுண்டு. கையில் காசு இல்லாததும் ஒரு வகையில் நல்லதாகப் போயிற்று. திரைக்கதை எழுதிய ஜிம்மி சாங்ஸ்டர் மூல நாவலில் இருந்த கப்பல் பயணம், ஓநாய், வௌவால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார். வௌவாலாக மாறுவதெல்லாம் கட்டுக்கதை என்று டிராகுலாவை வேட்டையாட வரும் வான் ஹெல்சிங்கே சொல்லிவிடுவார்! அதனால் 82 நிமிடத்தில் கதை ஓடுகிறது. நடுவில் வரும் நகைச்சுவைத் துணுக்குகள்தான் கொஞ்சம் அறுவை.

வான் ஹெல்சிங்காக பீட்டர் குஷிங். கடைசிச் சண்டையில் அவர் நீள மேசைமேல் ஓடித் தாவித் திரைச்சீலையைப் பிய்த்து எறிய, வெயில் உள்ளே கொட்டும். இரண்டு மெழுகுவத்தித் தண்டுகளைக் குறுக்கே வைத்துச் சிலுவையாக்கி டிராகுலாவை அந்த வெளிச்சத்துக்குள் நெட்டித் தள்ளுவார். அந்தத் தண்டு யோசனை குஷிங்குடையதுதான். டிராகுலா தன் முகத்தைத் தானே பிய்த்துக்கொள்ளும் சில விநாடிகளை அன்றைய தணிக்கையில் வெட்டியிருந்தார்கள். ஜப்பானில் எஞ்சியிருந்த பிரதியிலிருந்து அவற்றை மீட்டு, 2013 பிரிட்டிஷ் ப்ளூ-ரேயில் சேர்த்தார்கள். பார்ப்பதானால் அந்தப் பதிப்பையே தேடிப் பிடியுங்கள்.

பிடித்துப்போனால் அடுத்து, லீ இல்லாமல் 1960-இல் வந்த ‘பிரைட்ஸ் ஆஃப் டிராகுலா’வைப் பாருங்கள். டிராகுலாவை நவீன லண்டனுக்கு இழுத்து வந்த 1972 படத்தைத் தாராளமாக விட்டுவிடலாம்.