மாவே இல்லாத சாக்லேட் கேக் எப்படி உடையாமல் நிற்கிறது?

சாக்லேட், வெண்ணெய், சர்க்கரை, முட்டை மட்டும் சேர்த்துச் சுடுவதுதான் மாவில்லாத சாக்லேட் கேக், மைதா துளியும் கிடையாது. அப்புறம் எது தாங்குகிறது என்றால், முட்டைதான்: அதன் புரதம் சூட்டில் ஒன்றோடொன்று பின்னி வலையாகி, உருகிய சாக்லேட்டையும் வெண்ணெயையும் பிடித்து வைக்கிறது, நீர்போல இருக்கும் முட்டை வேகவைத்ததும் கெட்டியாகிறதே, அதே வேலை. ஆறும்போது சாக்லேட்டின் கொழுப்பும் மெழுகு உறைவதுபோல இறுகும், அதனால் தயவுசெய்து சூடாக வெட்டாதீர்கள், கத்தியில் பிசினாக ஒட்டிக்கொண்டு வரும். ஒரு இரவு ஃபிரிட்ஜில் வைத்தால் துண்டு அவ்வளவு அழகாக விழும். ஓரம் இறுகி, நடுப்பகுதி லேசாக ஆடும்போதே அடுப்பிலிருந்து எடுத்துவிடுங்கள். ஆறியதும் நடுவில் குழிந்து விரிசல் விட்டால் கேக் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள், இல்லை, முட்டையில் அடித்த காற்று சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குகிறது, அவ்வளவுதான்.